சர்க்கரை தின்ற சாட்சிகள்

அத்தியாயம் 6

அந்த மேனேஜரைப் பார்த்த முதல் நிமிடத்திலேயே எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டாவது நிமிடத்தில் அதற்குக் காரணமும் கிடைத்துவிட்டது. மேஜை மேல் மூன்று செல்போன், சட்டைப் பையில் நான்கு பேனா, முகத்தில் ஒரே ஒரு சிரிப்பு. அந்த ஒன்றையும் எங்களுக்காகச் செலவழிக்க அவருக்கு மனம் வரவில்லை. ‘அவர்’ என்று மரியாதையாக எழுதுவது அண்ணியின் உத்தரவு. என் விருப்பம் வேறு.

“நீங்கதான் டிடெக்டிவா?” என்று என்னைக் கேட்டார்.

“நான் எடுபிடி. டிடெக்டிவ் இவங்க.”

மேனேஜர் அண்ணியை மேலும் கீழும் பார்த்தார். மடியில் துணிப்பை, காலில் ரப்பர் செருப்பு, மூக்கு நுனியில் கண்ணாடி. ‘இந்த அம்மாவா?’ என்று அவர் மனதுக்குள் நினைத்தது எனக்கு வெளியே கேட்டது. உடனே அவர் முகம் தெளிந்தது. அவருக்கு வேண்டியதே இப்படி ஒரு அம்மாதான்.

என் அண்ணி பதினான்கு வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் சர்வேயராக இருந்தவர். எரிந்த குடோனுக்குள் நுழைந்து, எரிந்தது சரக்கா வெறும் அட்டைப்பெட்டியா என்று சாம்பலைப் பார்த்துச் சொல்பவர். உலகத்தில் என் அண்ணனைத் தவிர எல்லாரையும் சந்தேகப்படுவார். அண்ணனைச் சந்தேகப்படும் அளவுக்கு அவனிடம் சரக்கு இல்லை.

“மேட்டர் ரொம்ப சிம்பிள்மா,” என்றார் மேனேஜர்.

சிம்பிள் என்று ஆரம்பிப்பவர்களின் மேட்டர் எதுவும் சிம்பிளாக முடிந்து நான் பார்த்ததில்லை.

அது பிளைவுட்டுக்குப் பசை தயாரிக்கும் தொழிற்சாலை. அங்கிருந்து வெளியேறும் கழிவுநீரில் பினால் என்ற விஷம் இருக்கும். அதை அப்படியே வாய்க்காலில் விட முடியாது. ஒரு சின்னக் கோபுரத்தின் வழியாக அனுப்பவேண்டும். கோபுரத்துக்குள் ஜவ்வரிசி போல உருண்டை உருண்டையாக நிரப்பியிருக்கும். ஒவ்வொரு உருண்டைக்குள்ளும் லட்சக்கணக்கில் பாக்டீரியா அடைபட்டுக் கிடக்கும். தண்ணீரோடு ஓடிப்போக முடியாது. வருகிற விஷத்தைத் தின்றுவிட்டு நல்ல தண்ணீரை வெளியே அனுப்பும். மேனேஜர் இதையெல்லாம் தெருநாயைப் பற்றிச் சொல்வது போல அலட்சியமாகச் சொன்னார்.

போன திங்கட்கிழமை, வாய்க்காலின் கீழே உள்ள மீன் பண்ணையில் ஒரு மீன் பாக்கியில்லாமல் செத்து மிதந்தது. மீனை அள்ள இறங்கிய இரண்டு பேர் தோல் வெந்துபோய் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார்கள்.

“கோபுரத்தைப் பார்த்துக்கிற ஆபரேட்டர்தான் காரணம். சர்க்கரையைக் கொட்டிக் கொட்டி எல்லாத்தையும் சாகடிச்சுட்டான். கோபுரம் செத்துப்போச்சு, விஷம் அப்படியே வெளிய போயிடுச்சு. அவனே எழுதிக் கையெழுத்தும் போட்டுட்டான்.” ஒரு தாளைத் தள்ளினார். “நாலு மணிக்குச் சுற்றுச்சூழல் அதிகாரி போலீஸோட வர்றார். கொறஞ்சது ஏழு வருஷம் உள்ள இருப்பான். விசாரிச்சதுல இதுதான் உண்மைன்னு நீங்க ஒரு ரிப்போர்ட் குடுத்தா போதும்.”

“அவரே ஒத்துக்கிட்டார்னா நாங்க எதுக்கு?” என்றார் அண்ணி.

“கம்பெனி நியாயமா விசாரிச்சதுன்னு இருக்கணும் இல்ல?”

இந்த நியாயத்துக்காகத்தான் ஊரில் உள்ள பெரிய ஏஜென்சிகளை எல்லாம் விட்டுவிட்டு, இஸ்திரிக் கடை மாடியில் இருக்கும் எங்களைத் தேடிப் பிடித்திருக்கிறார். தலையாட்டுவதற்கு ஆள் எடுத்திருக்கிறார் என்று புரிந்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அண்ணி தலையை ஆட்டினார். அவர் தலையாட்டினால் ‘சரி’ என்று அர்த்தம் இல்லை. ‘இன்னும் பேசு’ என்று அர்த்தம்.

டீ வந்தது. நான் ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைப் பார்த்தேன்.

“சார், இது டீயா, டம்ளர் கழுவின தண்ணியா? சர்க்கரையே இல்ல.”

“எனக்கு ஷுகர். நான் போடாமத்தான் குடிப்பேன்,” என்றார் மேனேஜர்.

“எனக்கு இல்லையே சார்.”

“தம்பி, வாயை மூடிக்கிட்டுக் குடி,” என்றார் அண்ணி. ஆனால் அவர் தன் டம்ளரை ஒரு வாய் குடித்துவிட்டுக் கீழே வைத்தவர், அதன் விளிம்பை விரலால் தடவிப் பார்த்தார். விளிம்புக்குக் கீழே ஒரு சிவப்புப் பெயின்ட் பொட்டு. மூன்று டம்ளரிலும் அதே பொட்டு.

“சர்க்கரை கொட்டினதுக்கு என்ன ஆதாரம்?”

“அவன் லாக்கர்ல இருந்து எடுத்தது.” மேனேஜர் இழுப்பறையைத் திறந்து ஒரு பிளாஸ்டிக் கவரைப் போட்டார். உள்ளே ஒரு எவர்சில்வர் டம்ளர். அடியில் சர்க்கரை ஒட்டிக் காய்ந்திருந்தது. விளிம்புக்குக் கீழே சிவப்புப் பொட்டு.

*

கோபுர அறை வளாகத்தின் கடைசியில் இருந்தது. உற்பத்திக் கூடத்தைத் தாண்டித்தான் போகவேண்டும். கூடத்தின் ஓரமாக மூடி போட்ட சாக்கடை ஓடியது. அதன் வாடை மூக்கில் ஏறியபோது என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நூறு ஆஸ்பத்திரித் தரையைப் பினாயில் போட்டுக் கழுவி, அந்தத் தண்ணீரை ஒரே வாளியில் பிடித்தது போல இருந்தது.

கோபுர அறைக்குள் நுழைந்து, பிடித்து வைத்திருந்த மூச்சை விட்டேன்.

“அப்பாடா. அண்ணி, இந்த ரூம் நம்ம வீட்டைவிட நல்லா இருக்கு. ஒரு வாடையும் இல்ல.”

“அதைத்தான் நானும் நினைச்சேன்,” என்றார் அண்ணி. “கக்கூஸ் கழுவுற இடத்துல வாடை இல்லன்னா என்ன தம்பி அர்த்தம்?”

“நல்லாக் கழுவுறாங்கன்னு அர்த்தம்.”

“போய் அந்தப் பக்கம் நில்லு.”

கோபுரம் என்று பெயர்தானே தவிர, இரண்டு ஆள் உயரத்துக்கு ஒரு கண்ணாடி உருளை. உள்ளே உருண்டைகள், அடியிலிருந்து காற்றுக் குமிழிகள். மேலே ஏற ஒரு இரும்பு ஏணி. எதிர்ச்சுவரைத் துளைத்துக்கொண்டு ஒரு குழாய் வந்து கோபுரத்தில் சேர்ந்தது. அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் போக ஒரே ஒரு கதவு. பூட்டியிருந்தது.

“இதுக்குள்ள என்ன?”

“பைப், வால்வு. சாவி என்கிட்ட மட்டும்தான். கண்டவன் கை வைக்கக் கூடாதுல்ல,” என்றார் மேனேஜர்.

காவலாளி ஆபரேட்டரைக் கூட்டிவந்தார். எலும்புக்குச் சட்டை மாட்டியது போல ஒரு மனிதர். காலையிலிருந்து செக்யூரிட்டி அறையில் உட்கார வைத்திருக்கிறார்கள். கோடிக்கணக்கில் உயிர்களை மேய்ப்பதால் கூட வேலை செய்பவர்கள் இவருக்கு வைத்த பெயர் ‘பண்ணையார்’. அந்தப் பெயரைக் கேட்டால் கூட எழுந்து நின்றுவிடுவார் போலிருந்தது.

“நான்தான் கொன்னுட்டேன் மேடம்,” என்றார் எடுத்த எடுப்பில்.

“சார், கொஞ்சம் இருங்க. கேள்வி கேட்ட பிறகுதான் பதில்,” என்றேன் நான்.

அண்ணி மேனேஜரை வெளியே அனுப்பினார். “ஆபீஸ்ல இருங்க சார், ரிப்போர்ட்டுக்கு ரெண்டு வரி உங்க கையால வேணும், வந்து வாங்கிக்கிறேன்” என்றதும் அவர் சந்தோஷமாகப் போனார்.

“சொல்லுங்க. சர்க்கரை எதுக்குப் போட்டீங்க?”

பண்ணையார் கோபுரத்தைப் பார்த்தார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கும் பிள்ளையைப் பார்க்கிற பார்வை.

“பதினோரு வருஷமா நல்லா சாப்பிட்டுட்டு இருந்ததுங்க மேடம். திடீர்னு நிறுத்திடுச்சுங்க. சாப்பாடு வருது, தொட மாட்டேங்குதுங்க. அந்த முள்ளைப் பார்த்தா தெரியும்.”

சுவரில் ஒரு கருவி மாட்டியிருந்தது. மெதுவாகச் சுற்றும் காகித உருளை. அதன் மேல் ஒரு பேனா முள் இரவும் பகலும் கோடு இழுத்துக்கொண்டே இருந்தது.

“இதுங்க சாப்பிடும்போது நம்மள மாதிரியே மூச்சு வாங்கும். தண்ணில உள்ள காத்து குறையும், முள்ளு இறங்கும். சாப்பிடலன்னா காத்து அப்படியே நிக்கும், முள்ளு ஏறிடும். மூணு வாரம் முன்னாடி ஒருநாள் காலைல வந்து பார்க்கிறேன், முள்ளு உச்சியில நிக்குது. காய்ச்சல்காரப் பிள்ளைக்கு வேற எதுவும் இறங்கலன்னா இனிப்பா ஏதாவது குடுப்போமில்ல, அப்படித்தான் குடுத்தேன். சர்க்கரையைச் சாப்பிட்டதுங்க. ஆனா அந்த ருசியில விஷத்தை மறந்துடுச்சுங்க போல. மீன் செத்துப்போச்சு.” கோபுரத்தைக் கையால் தடவினார். “ஆஸ்பத்திரில இருக்கிறவங்க முகத்துல எப்படி மேடம் முழிப்பேன்?”

“வெளிய போற தண்ணியை நீங்கதானே டெஸ்ட் பண்றீங்க?”

“ஆமா. தினமும்.”

“என்ன வந்துச்சு?”

“சுத்தம்னுதான் வந்துச்சு. நான்தான் ஏதோ தப்பாப் பண்ணியிருக்கணும். டெஸ்ட் பண்ற மருந்து பழசு, புதுசு குடுங்கன்னு ஐயாகிட்ட கேட்டேன். பாத்துக்கலாம்னாரு.”

“உள்ள வர்ற தண்ணியை?”

“அது ஆபீஸ்ல பாத்துப்பாங்க.”

“வாடை வச்சு உங்களுக்குத் தெரியாதா?”

பண்ணையார் மூக்கைத் தொட்டுக்கொண்டார். “இது போய் ஏழெட்டு வருஷம் ஆச்சு மேடம். வீட்டுல குழம்பு தீஞ்சாக் கூட எனக்குத் தெரியாது.”

அண்ணி கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். அவர் கண்ணாடி துடைத்தால் யாருக்கோ கெட்ட நேரம்.

“சர்க்கரை யார் குடுத்தாங்க?”

அதுவரை கேட்காததற்கெல்லாம் பதில் சொன்ன மனிதர், இதற்கு மட்டும் கல்லாகிவிட்டார்.

“பரவால்ல,” என்றார் அண்ணி. “தம்பி, வா. டீ குடிக்கலாம்.”

“மறுபடியுமா? நான் என்ன பாவம் பண்ணேன்?”

போகும்போது மெதுவாகச் சொன்னார். “சாப்பிடல. ஆனா தட்டு காலி. எப்படிடா?”

எனக்குப் புரியவில்லை. புரியாததை ஒத்துக்கொள்ளும் பழக்கம் எங்கள் குடும்பத்தில் கிடையாது என்பதால் “அதானே” என்றேன்.

*

கேன்டீனில் பெரிய பாத்திரத்தின் முன்னால் நின்ற அம்மாவுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். கரண்டியைப் பிடித்திருந்த விதத்திலேயே அவரிடம் யாரும் இரண்டாவது டம்ளர் கேட்டதில்லை என்று தெரிந்தது. அலமாரியில் வரிசையாக எவர்சில்வர் டம்ளர்கள், எல்லாவற்றிலும் சிவப்புப் பொட்டு.

“ஒரு டம்ளர் குறையுதேம்மா,” என்றார் அண்ணி.

“எந்த டம்ளர்?”

“ஆபரேட்டர் லாக்கர்ல இருந்தது. தினமும் டீ நேரத்துக்கு அது நிறையச் சர்க்கரை போச்சு. அதனாலதான் மூணு வாரமா இங்க எல்லாரும் கசாயம் குடிக்கிறாங்க. மேனேஜருக்கு ஷுகர், அவருக்குத் தெரியல. மத்தவங்க உங்க கரண்டிக்குப் பயந்து கேக்கல.”

அந்த அம்மா அடுப்பை அணைத்தார்.

“அவன் என் மருமகன்,” என்றார். “மண்ணாங்கட்டி. என் பொண்ணுக்கு நான் பார்த்த பத்து மாப்பிள்ளையில கடைசி மாப்பிள்ளை. அந்த ஜவ்வரிசியைப் பார்க்கிற மாதிரி அவளை ஒருநாள் பார்த்ததில்ல. ‘அத்தை, பசங்க சாப்பிட மாட்டேங்குது, கொஞ்சம் சர்க்கரை’ன்னு வந்து நின்னான். மூஞ்சியைப் பார்க்கச் சகிக்கல. குடுத்துத் தொலைச்சேன். காலைல டீக்கு ஒரு டம்ளர், சாயந்திரம் டீக்கு ஒரு டம்ளர்.”

“ஞாயித்துக்கிழமை?”

“கேன்டீன் லீவு. நான் என்ன வீட்டுல இருந்தா கொண்டுவந்து கொட்டுவேன்?” கரண்டியைக் கீழே வைத்தார். “அவன் என் பேரைச் சொல்லலையா?”

“சொல்லல.”

“மண்ணாங்கட்டி,” என்று மறுபடியும் சொன்னார். ஆனால் இந்த முறை முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னார். “என் பொண்ணுக்கு ஆறாவது மாசம். இன்னும் அவகிட்ட யாரும் எதுவும் சொல்லல. ஆறு மணிக்குப் புருஷன் வருவான்னு வாசலைப் பார்த்துக்கிட்டு இருப்பா. அவளுக்கு நான் என்ன பதில் சொல்றது?”

அண்ணி அவர் கையைத் தொட்டார். அண்ணி யாரையும் சும்மா தொடுகிறவர் இல்லை.

“நாலு மணிக்குக் கோபுர ரூமுக்கு வாங்க. எல்லாருக்கும் டீ கொண்டு வாங்க.”

*

மேனேஜர் ஏ.சி. அறையில் காலாட்டிக்கொண்டிருந்தார். அண்ணி ஒரு வெள்ளைத் தாளை நீட்டினார்.

“ஒரே ஒரு சந்தேகம் சார். கோபுரத்துக்குள்ள போகாம, வேற வழியில கழிவுநீர் வெளிய போயிருக்கும்னு அந்த ஆபரேட்டர் நாளைக்குக் கோர்ட்ல சொல்லிட்டான்னா?”

“சொல்லுவான், சொல்லுவான். இந்த மாதிரி ஆளுங்க எதுவும் சொல்லுவாங்க.”

“அதான். அப்படி ஒண்ணும் இல்லன்னு நீங்களே எழுதிக் குடுத்துட்டா அவன் வாயை அடைச்சிடலாம்.”

மேனேஜர் நான்கு பேனாக்களில் விலை அதிகமானதை எடுத்தார். ‘கடந்த ஒரு மாதமாக எங்கள் தொழிற்சாலையின் கழிவுநீர் ஒரு சொட்டு விடாமல் இந்தக் கோபுரத்தின் வழியாக மட்டுமே வெளியேறியது. வேறு எந்த வழியும் கிடையாது’ என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, கீழே ஒரு கோடும் இழுத்தார். கோடு இழுக்கும் அளவுக்குத் தன் கையெழுத்தின் மேல் ஆசை உள்ளவர்களை நான் நம்புவதில்லை.

“கெட்டிக்காரங்கம்மா நீங்க,” என்றார்.

“உங்க அளவுக்கு இல்ல சார்,” என்றார் அண்ணி, தாளைத் துணிப்பையில் வைத்தபடி.

வெளியே வந்ததும் என் கையில் ஒரு பிளாஸ்டிக் மக்கைக் கொடுத்தார்.

“உற்பத்திக் கூடத்துச் சாக்கடையில ஒரு மக்கு பிடிச்சுக்கிட்டு வா.”

“அண்ணி, எங்கண்ணன் உங்களைக் கட்டினதுக்கு எனக்கு ஏன் தண்டனை?”

கையுறை மாட்டி, மூக்கில் துண்டைக் கட்டி, ஒரு மக்கு பிடித்தேன். கோபுர அறைக்குள் நான் கால் வைத்ததும் காவலாளி இருமிக்கொண்டே வெளியே ஓடினார். ஒரு மக்குக்கே அந்த அறை நாறிப்போனது. அப்போதுதான் என் மரமண்டையில் ஏதோ உறைத்தது.

பண்ணையார் மக்கைப் பார்த்ததும் பதறினார். “ஒரு மக்குக்கு மேல வேணாம் மேடம். இருக்கிற நிலைமையில தாங்காதுங்க.”

“செத்துப்போச்சுன்னு எழுதிக் குடுத்திருக்கீங்க. செத்தது எப்படித் தாங்காம போகும்?”

அவர் முழித்தார். அண்ணி என்னை ஏணியில் ஏற்றி, மக்கில் இருந்ததை மேலே ஊற்றச் சொன்னார். மணி மூன்று இருபது. இன்று சர்க்கரை கிடையாது. முள் உச்சியில் ஆணி அடித்தது போல நின்றது.

மூன்று நாற்பது. அசையவில்லை.

அண்ணி பண்ணையாரிடம் பழைய காகிதச் சுருள்களைக் கேட்டார். வாரத்துக்கு ஒன்று மாற்றுவாராம். பதினோரு வருஷத்துச் சுருள்களும் அலமாரியில் வரிசையாக இருந்தன. மேனேஜர் ஒருநாளும் அவற்றைத் திறந்து பார்த்ததில்லை. பார்த்திருந்தால் எரித்திருப்பார்.

*

சரியாக நான்கு மணிக்கு அதிகாரி வந்தார். கூட இரண்டு போலீஸ்காரர்கள், பின்னால் ஒரு சிரிப்போடு மேனேஜர். எங்களுக்கு இல்லாத சிரிப்பு அதிகாரிக்குக் கிடைத்தது.

“எனக்கு அஞ்சு மணிக்கு வேற இடம் போகணும்,” என்றார் அதிகாரி. “குத்தத்தை ஒத்துக்கிட்டாருல்ல? கூட்டிட்டுப் போங்க.”

“பத்து நிமிஷம் சார்,” என்றார் அண்ணி. “சாட்சிகளை விசாரிச்சுட்டுப் போங்க.”

“எந்தச் சாட்சி?”

அண்ணி கோபுரத்தைக் காட்டினார். மேனேஜர் வாய்விட்டுச் சிரித்தார். “கண்ணுக்குத் தெரியாத பூச்சியைச் சாட்சிக்குக் கூப்பிடறாங்க சார். இந்த அம்மாவை வரச்சொன்னது என் தப்பு. அதுவும் செத்த பூச்சி.”

“செத்துப்போச்சா?”

“எப்பவோ.”

முள் அசையவில்லை. போலீஸ்காரர் ஒருவர் பண்ணையாரின் தோளில் கை வைத்தார். மாமியார் டீத் தட்டோடு வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். நான் அண்ணியைப் பார்த்தேன். அண்ணியின் நெற்றியில் வியர்வை. எரிந்த குடோன்களில் கூட நான் அதைப் பார்த்ததில்லை.

“நாலு மணிக்கு மேல அஞ்சு நிமிஷம் ஆச்சு. போதும்,” என்றார் அதிகாரி.

“மூச்சு வாங்குதுங்க,” என்றார் பண்ணையார்.

எல்லாரும் திரும்பினோம். முள் உச்சியிலிருந்து ஒரு நூல் இறங்கியிருந்தது. பிறகு இன்னொரு நூல். அப்புறம் மாடிப்படி இறங்குகிறவர் போல நிதானமாக இறங்கிக்கொண்டே போனது. பண்ணையார் போலீஸ்காரரின் கையோடு சேர்த்து முன்னால் வந்து கண்ணாடியில் முகத்தை வைத்துக்கொண்டார். “சாப்பிடுதுங்க மேடம். விஷத்தைச் சாப்பிடுதுங்க. மறக்கல.”

“மறக்கல,” என்றார் அண்ணி. “சர்க்கரை குடுத்ததால கொஞ்சம் சோம்பேறியா இருந்துச்சுங்க, அதான் முக்கால் மணி நேரம். சார், இங்க பாருங்க.”

பழைய சுருள்களை மேஜையில் விரித்தார்.

“ஒரு மக்கு கழிவுநீருக்கு முள்ளு இவ்வளவு இறங்குது. இது போன மாசக் கோடு. எப்பவும் அடியிலயே இருக்கு, நாள் முழுக்கச் சாப்பிட்டிருக்கு. இருபத்திரண்டு நாள் முன்னாடி ஒரு ராத்திரி, கோடு நேரா உச்சிக்குப் போயிடுச்சு. அதுக்கப்புறம் இறங்கவே இல்ல. தினமும் ரெண்டு சின்னப் பள்ளம் மட்டும். காலைல பத்தரை, சாயந்திரம் மூணரை. ஞாயித்துக்கிழமை பள்ளம் இல்ல. அம்மா, கேன்டீன்ல டீ எத்தனை மணிக்கு?”

“பத்தரைக்கும் மூணரைக்கும்,” என்றார் மாமியார். “ஞாயித்துக்கிழமை லீவு.”

“அந்தப் பள்ளம்தான் இவர் போட்ட சர்க்கரை. மொதப் பள்ளம் எப்போ? கோடு ஏறி மூணாவது நாள். சர்க்கரை போட்டதால சாப்பாட்டை நிறுத்தல சார். சாப்பாடு நின்னதாலதான் சர்க்கரை வந்துச்சு.”

“சாப்பாடு வந்துக்கிட்டுதான் இருந்துச்சு! நோய் வந்து சாப்பிடல!” என்றார் மேனேஜர்.

“சாப்பிடலன்னா தட்டுல மிச்சம் இருக்கணுமில்ல? வெளிய போன தண்ணி தினமும் சுத்தம்னு ரெஜிஸ்டர்ல இருக்கு. இவர் பொய் எழுதலை. மருந்தும் கெட்டுப்போகல. சாப்பிடவும் இல்ல, தட்டும் காலி. அப்படின்னா பரிமாறவே இல்லன்னு அர்த்தம்.” அண்ணி துணிப்பையிலிருந்து தாளை எடுத்தார். “இருபத்திரண்டு நாளா ஒரு மக்கு கழிவுநீர் கூட இந்த ரூமுக்கு வரல. ஆனா ஒரு சொட்டு விடாம இது வழியாத்தான் போச்சுன்னு மேனேஜர் சார் கையெழுத்துப் போட்டிருக்கார். கீழ கோடு வேற.”

அதிகாரி தாளைப் படித்தார். அவசரம் எங்கே போனதென்று தெரியவில்லை.

“அந்தக் கதவைத் திறங்க.”

“சாவி... தேடணும் சார்.”

“சாவி அவர்கிட்ட மட்டும்தான் இருக்குன்னு சொன்னார்,” என்றேன் நான். “ரெண்டு மணிக்கு, எங்ககிட்டயே சொன்னார். பெருமையா.”

போலீஸ்காரர் கையை நீட்டினார். சாவி சட்டைப் பையிலேயே இருந்தது, பேனாக்களுக்குப் பின்னால்.

கதவு திறந்ததும் பினாயில் வாடை முகத்தில் அறைந்தது. கூடத்திலிருந்து வந்த பெரிய குழாயை நடுவில் கழற்றி, மழைநீர்க் கால்வாய்க்குத் திருப்பியிருந்தார்கள். கால்வாய் நேராக வாய்க்காலில் போய் விழும். கோபுரத்துக்குப் போகும் குழாயில் போர்வெல் தண்ணீர் பைப் ஒன்றைச் சொருகிக் கம்பி சுற்றியிருந்தது. சுத்தமான தண்ணீர் உள்ளே போய், சுத்தமான தண்ணீராக வெளியே வந்திருக்கிறது.

மேனேஜரை ‘அவர்’ என்று எழுதச் சொன்ன அண்ணியின் உத்தரவு இதோடு முடிந்தது. அவன் முகத்தில் வழிந்த வியர்வையைப் பார்த்தபோது எனக்கு இரக்கம் துளியும் வரவில்லை.

“பெரிய ஆர்டர் சார்,” என்றான் அதிகாரியிடம். “உற்பத்தி ரெண்டு மடங்கு. இந்தப் பூச்சிங்க தின்னு முடிக்கிற வரைக்கும் நாங்க காத்துக்கிட்டு இருக்க முடியுமா? நாலு மீன் செத்ததுக்கு...”

“ரெண்டு பேர் ஆஸ்பத்திரில இருக்காங்க,” என்றார் அண்ணி. “அவங்களை எண்ண உனக்கு மறந்துபோச்சு. அதுக்கு மேல ஒரு ஏமாளியைப் பிடிச்சு, அவன் பாசத்தையே ஆதாரமாக்கி, அவன் கையாலேயே எழுதி வாங்கியிருக்க. எரிஞ்ச குடோன்ல பெட்ரோல் கேனை வச்சுட்டு வாட்ச்மேனைக் கைகாட்டுற திருட்டுப் பயலுங்க நூறு பேரைப் பார்த்திருக்கேன். அவனுங்க உன்னைவிட மேல்.”

அதிகாரி ஒப்புதல் வாக்குமூலத்தை நான்காகக் கிழிக்கப் போனவர், நினைத்துக்கொண்டு பத்திரமாக மடித்து வைத்தார். அதுவும் இனி வேறு ஒருவனுக்கு எதிரான ஆதாரம். கூடத்தில் உற்பத்தியை நிறுத்தச் சொன்னார். அங்கே கழிவுநீர்த் தொட்டியில் ஏற்கெனவே நிரம்பியிருப்பதைக் கோபுரத்துக்குத் திருப்பச் சொன்னார். காவலாளி குழாயைப் பழையபடி பொருத்தி, வால்வில் கை வைத்தார்.

பண்ணையார் ஓடிப்போய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். நீங்கள் குற்றவாளி இல்லை, வீட்டுக்குப் போகலாம் என்று அதிகாரி சொன்னது அவர் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை.

“ஒரேயடியாத் திறக்காதீங்க. இருபத்திரண்டு நாள் பட்டினி கிடந்த வயிறு. இன்னைக்கு நூல் மாதிரி விடணும். நாளைக்குக் கொஞ்சம் கூட்டலாம்.”

வால்வை அவரே திறந்தார். காது வைத்துக் கேட்டுக் கேட்டு, கால் சுற்று. மாமியார் டீத் தட்டைக் கீழே வைத்துவிட்டு, “ஆறு மணிக்குள்ள வீட்டுக்கு வந்து சேரு, மண்ணாங்கட்டி” என்றார். சொல்லிவிட்டு மூக்கைச் சிந்தினார்.

மேனேஜர் என்ற அந்த ஆள் கடைசியாக ஒரு முயற்சி செய்தான். கோபுர அறைக்குத் திரும்பி முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்த பண்ணையாருக்கு முன்னால் வந்து நின்றான். “ஏம்ப்பா, நீயாவது சொல்லு. பேசித் தீர்த்துக்கலாம்னு அதிகாரிகிட்ட சொல்லு. பதினோரு வருஷமா உனக்குச் சோறு போட்டவன் நான்.”

பண்ணையார் நிமிர்ந்தார். பதினோரு வருஷமாக ‘ஐயா’ என்று குனிந்த அந்த முதுகு நிமிர்ந்தால் அவ்வளவு உயரம் என்று அன்றுதான் எல்லாருக்கும் தெரிந்தது.

“எனக்குப் போட்ட,” என்றார். “இதுங்களுக்குப் போட்டியா?”

அவன் அதிகாரியின் பக்கம் திரும்பினான்.

“வெளிச்சத்தை மறைக்கிற. முள்ளு தெரியல. தள்ளி நில்லு.”

அவன் தள்ளி நின்றான்.